ஓதமேறும் சுவருக்கு டைல்ஸா, பி.வி.சி. பலகையா?

‘‘எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கக் குளியலறையில், ஐப்பசி மழை தொடங்கினாலே சுவர் ஓதமேறி, பூச்சு பொரிந்து விழுகிறது. மார்கழியில் உள்ளே சில்லென்று இருப்பதால், 74 வயது மாமியார் குளிக்கவே தயங்குகிறார். போன வருடம் அடித்த பெயின்ட்டும் உரிந்துவிட்டது. கடைக்காரர் பி.வி.சி. பலகை ஒட்டச் சொல்கிறார். கொத்தனார் டைல்ஸ் என்கிறார். சம்பா நெல் விற்ற பணத்தில் செய்யவேண்டும். எது நிலைக்கும்?’’

- வாசகி, வலங்கைமான்.

‘‘முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பூச்சு பொரியாத இடத்தில், ஒன்றரை அடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் வியர்த்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால், குளிக்கும்போது எழும் ஆவிதான் காரணம். அதற்குக் காற்றுப்போக்கி வைத்தாலே பெருமளவு சரியாகிவிடும். குளிருக்குப் பயந்து அதை அடைத்துவிடாதீர்கள். குளித்து முடித்ததும் கதவையும் திறந்து வையுங்கள்.

ஈரம் சுவருக்குள் இருந்தால், மேலே எதை ஒட்டினாலும் வீண். டெல்டாவின் களிமண் மழைக்காலத்தில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, செங்கல் அந்த ஈரத்தை மேலே இழுக்கும். கூடவே வரும் உப்புதான் பூச்சைத் தள்ளுகிறது. குளியல் தண்ணீரைச் சுவரோரத்து வாழைக்கு விட்டிருந்தால், குழாய் போட்டு ஆறடி தள்ளி விடுங்கள். கூரைத் தண்ணீரும் சுவரில் அடிக்கக் கூடாது.

அறுவடை முடிந்த கையோடு, ஈரக்கறைக்கு ஓரடி மேல் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, மாசி, பங்குனி வெயிலில் உலரவிடுங்கள். பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். காய்ந்த தூரிகையால் தேய்த்து அள்ளிவிடுங்கள். பிறகு ஒரு பங்கு சிமென்ட், நாலு பங்கு மணலில், நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் பூசுங்கள். சுவரின் வெளிப்பக்கத்தில் சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். மிச்ச ஈரம் அந்த வழியாக வெளியேறும்.

பி.வி.சி. பலகை, காய்ந்த சுவருக்குத்தான் சரி. ஈரச் சுவரில் ஒட்டினால், பின்னால் பூசணம் பிடிப்பதே கண்ணுக்குத் தெரியாது. பலகைக்கு மரச்சட்டம் அடித்தால் கரையானும் வரும். உங்களுக்குச் சாதாரண சுவர் டைல்ஸே போதும். அதை ஊறவைத்து சிமென்ட்டில் ஒட்டலாம். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீர் உறிஞ்சாது என்பதால், அதற்கான பசையில்தான் பிடிக்கும்.

5-க்கு 6 அடி அறையில், நான்கு சுவரும் 7 அடி உயரம் ஒட்டினால், இரண்டரை அடிக் கதவு போக சுமார் 136 சதுர அடி வரும். தண்ணீர் தெறிக்கும் 5 அடிச் சுவரில் மட்டும் 7 அடி, மற்றவற்றில் 4 அடி என்றால் 93 சதுர அடிதான். உடைசலுக்குப் பத்து அடி சேர்த்து வாங்குங்கள்.

மிச்சமாகும் பணத்தில், தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸும், மாமியார் பிடித்து எழ, சுவரில் ஒரு கைப்பிடியும் போடுங்கள். வழவழப்பான சுவர் டைல்ஸைத் தரையில் பதிக்கவே கூடாது.’’