எந்தப் பக்கம் திருப்புவது?

உங்கள் வீட்டுப் பின்புறத்தில் பழைய சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடக்கிறதா? அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் என் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். தகப்பனார் பால் வெட்டியவர். காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் வாளிகளை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் வேலைக்குப் போன ராலே சைக்கிள், மழையில் நனைந்து துருவேறிக் கிடந்தது. அடுத்த ஆண்டு பையன் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். பஸ் நிற்கும் சாலையோ ஐந்து கிலோமீட்டர் தூரம். "வா, இதையே சீர்படுத்துவோம்" என்றேன்.

சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவினோம். டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் மாற்றினோம். இடது பெடலின் அச்சு வளைந்திருந்ததால், அதைக் கழற்றியாக வேண்டும். ஸ்பானரை மாட்டி, எல்லா மரைகளையும் கழற்றுவதுபோல் இடப்புறமாகத் திருப்பினேன். அசையவில்லை. ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினேன். அப்போதும் அசையவில்லை. வியர்த்து ஊற்றியது. "சுத்தியலைக் கொண்டு வா" என்றேன்.

அடுப்படியிலிருந்து பையனின் தாயார் எட்டிப் பார்த்தார்.

"சார், அவரு அந்தப் பக்கத்துப் பெடலை மாத்தித்தான் திருப்புவாரு. நான்தானே டார்ச்சு லைட்டு பிடிப்பேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அரைமணி நேரமாக அதைக் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தேன்!

சைக்கிளின் வலது பெடலுக்கு வழக்கமான மரை. இடது பெடலுக்கு எதிர்மரை. மிதிக்க மிதிக்கப் பெடல் அச்சு சிறுகச் சிறுகச் சுழல முனையும். இடப்பக்கத்திலும் வழக்கமான மரை இருந்தால், நாளடைவில் தளர்ந்து பாதி வழியில் கழன்றுவிடும். 1903-இல் விமானத்தில் பறந்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். கழன்று போகாத பெடல் என்று 1900-லேயே அவர்கள் விளம்பரப்படுத்தியது இந்த முறையில் செய்த பெடலைத்தான்.

நினைவில் வைக்க எளிய வழி உண்டு. ஸ்பானரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டுங்கள். எந்தப் பக்கத்துப் பெடலானாலும், பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும்.

துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மரை இறுகிப் போகிறது. அதற்கு மருந்து பலமல்ல, பொறுமை. அன்று மாலை துருவைச் சுரண்டி, மரை தெரியும் இரு புறமும் எண்ணெய் விட்டு, கிராங்கை மெல்லத் தட்டி, இரவு முழுவதும் அப்படியே விட்டோம். காலையில் மீண்டும் எண்ணெய் விட்டோம். கிராங்க் சுழலாமலிருக்க வலது பெடலை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சார், நான் திருப்புறேன்" என்றான் பையன். தகப்பனார் போனதிலிருந்து வகுப்பில் தானாக வாய் திறக்காதவன் அவன். 'கிறீச்' என்று ஒரு சத்தம். பெடல் அசைந்தது. தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

புதுப் பெடலை மாட்டும்போது மரைக்குக் கிரீஸ் பூசுங்கள். வலது பெடலில் 'ஆர்', இடது பெடலில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும், மாற்றிவிடாதீர்கள். முதல் சில சுற்றுகளைக் கைவிரலால் திருகுங்கள். ஆரம்பத்திலேயே இறுகினால் நிறுத்திவிடுங்கள். பலவந்தம் செய்தால் கிராங்கின் மரை கெட்டுவிடும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. வாய் திறக்காத அந்தப் பிள்ளையைப் "பேசு, பேசு" என்று இரண்டு ஆண்டுகளாக அதட்டி வந்தேனே, அங்கேயும் நான் இறுக்கிக்கொண்டுதான் இருந்தேனோ? அவன் வீட்டில் ஒரு வார்த்தை முன்பே கேட்டிருக்கலாம்.