யாரைக் கண்டு சிரிக்கிறோம்?

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

சினிமா என்றாலே பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். படிக்கிற பிள்ளைகளுக்குச் சினிமா எதற்கு என்று கேட்கிறார்கள். எல்லாப் படங்களையும் பார்க்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் பகட்டும் பெரிய சண்டைகளும் இல்லாமல், ஒரு சிறிய ஊரையும், அந்த ஊரோடு ஒட்டாத ஒரு தனி மனிதரையும் வேடிக்கையாகக் காட்டும் சிறு படங்கள் சில உண்டு. அவற்றை மாணவியராகிய நாம் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. நாம் யாரைக் கண்டு சிரிக்கிறோம் என்ற கேள்வியை அவை நம் முன் வைக்கின்றன.

பழைய நகைச்சுவைக் காட்சிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். வட்டிக்கடைச் சேட் வந்து ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று பேசுவார், கொட்டகையே சிரிக்கும். அவர் தமிழைத் தப்பாகப் பேசுவதுதான் நமக்கு வேடிக்கை. அவருடைய மொழியில் ஒரு வாக்கியம் பேச நம்மில் எத்தனை பேருக்கு வரும்? அங்கே புதியவர் கேலிப்பொருள். ஊரார் எல்லாரும் அறிவாளிகள்!

2021 ஏப்ரல் 4ஆம் நாள் தொலைக்காட்சியிலேயே நேரடியாக வெளியான ‘மண்டேலா’ இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. மடோன் அஷ்வின் இயக்கிய முதல் படம் அது. யோகி பாபு நடித்த முடிதிருத்துபவருக்கு ஊரில் பெயரே கிடையாது, பட்டப்பெயர்தான். வீட்டு முன்வாசல் வழியே அவரை விடமாட்டார்கள். அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கப் போகும்போதுதான் பெயர் தேவைப்படுகிறது. அங்குள்ள பெண் நெல்சன் மண்டேலா என்று பெயர் சூட்டுகிறார். ஊராட்சித் தேர்தலில் இரு தரப்புக்கும் வாக்குகள் சமமாக இருக்கவே, வெற்றி அவருடைய ஒற்றை வாக்கில் வந்து நிற்கிறது. நேற்றுவரை ஏளனம் செய்தவர்கள் இன்று பரிசுகளோடு ஓடி வருகிறார்கள். நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். ஆனால் அந்த மனிதரைக் கண்டு அல்ல, அந்த ஊரைக் கண்டு! அறிமுக இயக்குநருக்கும் உரையாடலுக்குமாக இப்படத்துக்கு இரண்டு தேசிய விருதுகள் 2022இல் அறிவிக்கப்பட்டன.

2023 சனவரியில் திரைக்கு வந்த மலையாளப் படம் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. இயக்கியவர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி. வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் மலையாளிகளின் வண்டி தமிழ்நாட்டு வழியில் நிற்கிறது. மம்மூட்டி நடித்த ஜேம்ஸ் இறங்கி ஒரு கிராமத்துக்குள் நடக்கிறார். காணாமல் போன சுந்தரம் என்பவராகவே தம்மை எண்ணிக்கொண்டு அவருடைய வீட்டுக்குள் புகுந்து தமிழ் பேசுகிறார். ஊரில் கோபமும் குழப்பமும் எழுகின்றன. ஆயினும் கதை அடிதடியில் முடியவில்லை. அந்த மனிதருக்கு என்னதான் ஆயிற்று என்று அறியாமலே ஊரார் பொறுத்திருக்கிறார்கள்.

படத்தில் அப்படி முடிந்தது. வாழ்க்கையில் எப்போதும் அப்படி முடிவதில்லை. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கைப்பேசி வழியே வதந்தி பரவியிருந்த நேரம் அது. கூட்டம் கூடி அடித்ததில் அவர் உயிர் இழந்தார். ஒருவராவது நின்று, “பாட்டி, எந்த ஊர்?” என்று பொறுமையாகக் கேட்டிருக்கக் கூடாதா?

2023 மார்ச்சில் கதை மறுபுறமாகத் திரும்பியது. வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. அப்போது தப்பாக எண்ணப்பட்டவர்கள் நாம். அது நமக்கு வலிக்கவில்லையா?

அரியலூரின் சிமெண்டு ஆலைகளுக்கும் பெரம்பலூரின் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் தொலைவிலிருந்து பலர் வருகிறார்கள். பேருந்தில் அவர்களை ‘வடக்கன்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். மண்டேலா படத்து ஊராரும் இதைத்தானே செய்தார்கள்? வந்தாரை வாழவைக்கும் தமிழகம் என்று மேடையில் முழங்கினால் போதுமா?

நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சி ஒரு வெளியூரார் வாழ்ந்த ஊர் என்பதை மறக்கலாமா? 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இங்கே வந்து தமிழ் கற்றார். அவ்வூர் மாதா மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். நாம் சிறு வயதில் கேட்டுச் சிரித்த பரமார்த்த குருவின் கதையும் அவர் எழுதியதே. ஆற்றைக் கடந்த சீடர்கள் தலைகளை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால், ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுகிறார்கள். தவறு எங்கே என்று தேடும்போது நாமும் நம்மை விட்டுவிட்டுத்தானே எண்ணுகிறோம்!

ஆகவே, ஆண்டுக்கு ஒருமுறையாவது இத்தகைய படம் ஒன்றை நம் பள்ளி மண்டபத்தில் திரையிட்டு, பிறகு அதைப் பற்றி மாணவியரைப் பேசவிட வேண்டும் என்று ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. தோழியரே, புதியவர் ஒருவரைக் கண்டால் பட்டப்பெயர் சூட்டுமுன் அவருடைய உண்மைப் பெயரைக் கேட்போம்!