தையல் மெஷின் வேண்டாம்... பழைய சேலை போதும், நாற்காலிக்கு உறை ரெடி!

கைத்தறிச் சேலைக்குப் பேர்போன ஊர் அருப்புக்கோட்டை. இங்கும் பக்கத்துத் திருச்சுழி வட்டாரத்திலும் நைந்த பருத்திச் சேலையைச் சட்டென்று தூக்கிப்போட மனம் வராது. வெயில் காலத்தில் முதுகில் ஒட்டும் பிளாஸ்டிக் நாற்காலிக்கு அதையே உறையாக்கலாம்.

அளவு: கை இல்லாத நாற்காலியில் முன்பக்கத் தரையிலிருந்து இருக்கை, சாய்மானம் வழியாகப் பின்பக்கத் தரை வரை கயிற்றால் அளந்து பாருங்கள். சுமார் 2.2 மீட்டர் வரும். 5.5 மீட்டர் சேலையில் 2 நாற்காலிக்குப் போக ஒரு மீட்டர் மிஞ்சும்.

செய்முறை:

1. சேலைக் கரையில் கத்தரிக்கோலால் சின்னதாக வெட்டிவிட்டுக் கையால் கிழியுங்கள். பருத்தி நூல் போக்கிலேயே நேராகக் கிழியும்.

2. கிழித்த ஓரங்களை இரண்டு விரல் அகலம் உள்ளே மடித்து, துணிப் பசையால் ஒட்டுங்கள். நூல் பிரியாது.

3. மிஞ்சிய துணியை நீளப் பட்டைகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். துணியை நாற்காலி மேல் விரித்து, சாய்மானத்தைச் சுற்றி ஒரு பட்டையால் பின்பக்கம் முடிச்சுப் போடுங்கள். இருக்கைக்குக் கீழே, முன்கால்களோடு சேர்த்தும் கட்டுங்கள்.

கவனம்: பட்டும் பாலியெஸ்டரும் பிளாஸ்டிக் மேல் வழுக்கும், வயதானவர்கள் எழும்போது விழ வாய்ப்புண்டு. பருத்தியே நல்லது. துணி தரையிலிருந்து நான்கு விரல் மேலே நிற்கட்டும், காலில் சிக்காது. கட்டியதும் ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகே தாத்தா, பாட்டியை உட்காரச் சொல்லுங்கள்.

வானம் பார்த்த பூமியில் ஒவ்வொரு குடம் தண்ணீரும் கணக்குதான். மெல்லிய சேலைத் துணி ஒரு வாளித் தண்ணீரில் அலசினாலே சுத்தமாகிவிடும், வெயிலில் சீக்கிரம் காய்ந்தும்விடும். உறை வாங்கும் காசும் மிச்சம், அம்மாவின் சேலையும் இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கும்.