கடைசியில் வந்தவன் முதலில் போகணுமா?



எங்க செம்மங்குப்பத்துக்கு மேலே எப்பவாவது ஒரு விமானம் போகும். சின்ன வயசில் அண்ணாந்து பார்த்துக் கையாட்டுவோம். அதில் வேலை பார்க்கிறவங்களுக்கு என்ன கவலை இருக்கப்போகுது என்று நினைத்திருந்தேன். எங்க அப்பாவுக்கு வந்த கவலைதான் அவங்களுக்கும் வந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

2008 அக்டோபர். எரிபொருள் விலை ஏற்றம், உலகப் பொருளாதாரச் சரிவு. ஜெட் ஏர்வேஸ் நிறுவனம் 1,900 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. முதலில் 800 பேர். பெரும்பாலும் விமானப் பணியாளர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள். யூனிபார்மோடு தெருவில் நின்று போராடினார்கள். நாடே பார்த்தது. மறுநாளே அத்தனை பேரையும் திரும்ப எடுப்பதாக முதலாளி நரேஷ் கோயல் அறிவித்தார்.

சரி, ஆட்குறைப்பு என்றால் யாரை முதலில் அனுப்புவது? 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில், 1953-இல் சேர்த்த 25-ஜி பிரிவு இதற்குப் பதில் சொன்னது. ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போகவேண்டும். வேறு ஆளை அனுப்பினால் முதலாளி காரணத்தை எழுதி வைக்கவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அமலான தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது.

இதைப் படித்துக் காட்டியதும் என் வகுப்பு நண்பன் கேட்டான்: "ஏன்டா, நாளைக்கு டிப்ளமோ முடிச்சிட்டுக் கடைசியா போய்ச் சேரப்போறது நாமதானே? நமக்கே வேட்டு வைக்கிற விதியை நாமே ஆதரிக்கணுமா? திறமையைப் பார்த்து வச்சுக்கட்டுமே!"

நியாயமான கேள்விதான். ஆனால் திறமையை அளக்கிற கோல் யார் கையில்? சூப்பர்வைசர் கையில்! ஓவர்டைம் முடியாது என்றவன், சங்கத்தில் சேர்ந்தவன், பிரசவ லீவு கேட்டவள்... இவர்களெல்லாம் ஒரே நாளில் 'திறமை இல்லாதவர்' ஆகிவிடுவார்கள். ரேஷன் கடை வரிசையில் சரக்கு தீர்ந்தால் கடைசி ஆள்தான் வெறுங்கையோடு திரும்புவார். வருத்தம்தான். ஆனாலும் வரிசையே வேண்டாம் என்று யாராவது சொல்வோமா?

என் கோபம் வரிசை மேல் இல்லை, வரிசையில் செய்கிற தில்லுமுல்லு மேல்.

எங்க அப்பா ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் காண்ட்ராக்ட்டில் வேலை பார்த்தார். அதே கேட், அதே பாய்லர். காண்ட்ராக்டர் மட்டும் மூணு தடவை மாறினார். ஒவ்வொரு தடவையும் புது கேட் பாஸ், அதில் புதுத் தேதி. ஆள் குறைக்கும்போது அவரிடம் சொன்னது: "நீங்க சேர்ந்து எட்டு மாசம்தானே ஆகுது!" பதினோரு வருஷத்தை எட்டு மாசமாக்கிய அந்தக் கணக்கு எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நண்பர்களே? அப்பா வாதாடவில்லை. அவரிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை.

வரிசைக்கு இன்னொரு பாதியும் உண்டு. அமெரிக்க விமானிகளுக்கு மூப்பு எண் இருக்கிறது. ஆள் குறைத்தால் கீழிருந்து அனுப்புவார்கள். மீண்டும் எடுக்கும்போது அந்த வரிசைப்படியே கூப்பிடுவார்கள். நம் சட்டத்திலும் வெளியே போனவருக்கு மறுபடி முன்னுரிமை உண்டு. ஆனால் புதிய தொகுப்பில் அது ஒரு வருஷத்துக்குள் ஆள் எடுத்தால்தான். அரசின் முன் அனுமதி பெற்றே ஆட்குறைப்பு செய்யவேண்டிய ஆலையின் அளவும் 100 தொழிலாளரிலிருந்து 300 ஆகிவிட்டது. அதற்குக் கீழே உள்ள ஆலையில் சேர்கிறவன் என்ன செய்வான்?

மூப்பு எல்லாவற்றையும் காப்பாற்றும் என்றும் சொல்லமாட்டேன். அதே ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் பறப்பதையே நிறுத்தியது. 2024 நவம்பரில் அதைக் கலைத்து விற்கச் சொல்லி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. கப்பலே மூழ்கினால் முதல் வரிசை என்ன, கடைசி வரிசை என்ன? ஆனால் கப்பல் மிதக்கும்போது யாரைத் தண்ணீரில் தள்ளுவது என்பதற்கு ஒரு நியாயம் வேண்டாமா?

ஆகவே தோழர்களே, வேலைக்குப் போகிற முதல் நாளே நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதி எண், பழைய கேட் பாஸ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆட்குறைப்பு என்றால் மூப்புப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் மாறினாலும் உழைத்த வருஷம் மாறக்கூடாது என்று நம் சங்கங்கள் குரல் கொடுக்கட்டும்.

எங்க வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்பா கையெழுத்து மட்டும்தான் போடுவார். தேதியை அடுத்தவன் எழுதினான். இனி நம் தேதியை நாமே எழுதுவோம்!