ஓடும் மோட்டர் சாட்சியல்ல

மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் வருகிறது. ஆகவே கேபிள் நல்லது என்று எம்மில் பலர் முடிவுகட்டிவிடுகிறோம். இது ஆபத்தான முடிவு. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சாதாரண மோட்டர் ஓடுவதற்கு இரண்டு வயர்கள் போதும். பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் வயர் உள்ளே அறுந்திருந்தாலும் அது ஓடிக்கொண்டேயிருக்கும். மோட்டரின் உடலுக்கு மின்சாரம் கசியும் நாளில்தான் குறை தெரியவரும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பார் சிலர். எர்த் அறுந்திருந்தால், தொட்டவரின் உடலூடாக மின்சாரம் பாய்ந்த பின்னரே அது விழும்.

இடம்பெயர்ந்தபோதெல்லாம் சுருட்டி எடுத்துச் சென்ற கேபிள்களிலும், ஒட்டுப்போட்ட கேபிள்களிலும் கம்பி முறிந்திருக்கலாம். வெளித்தோல் அதைக் காட்டாது. எனவே கிணற்றடியில் மீண்டும் பொருத்தும் முன், மின்சாரத்தோடும் மோட்டரோடும் தொடர்பின்றி இரு முனைகளையும் கழற்றி, மல்டிமீற்றரை ஓம் அளவில் வைத்து, ஒவ்வொரு வயரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 100 மீற்றருக்கு ஏறக்குறைய முக்கால் ஓம் காட்டும். தொடர்பே காட்டாவிடின் அது அறுந்துள்ளது. ஒட்டுக்களை அசைத்தும் பார்க்க வேண்டும். முறிந்த கம்பி தொட்டும் விட்டும் ஏமாற்றும்.

தோலில் கசிவு உண்டா என்பதை இச்சோதனை சொல்லாது. அதற்கு மின்வேலை அறிந்தவர் வேறு கருவியால் பார்க்க வேண்டும். ஆனால் அறுந்த எர்த்தைக் கண்டுபிடிக்க நாமே போதும். ஒவ்வொரு கமக்கார அமைப்பிடமும் ஒரு மீற்றரும், அதைப் பாவிக்கப் பழகிய இருவரும் இருக்கட்டும். மோட்டருக்கு உதவி கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்போம்.