குழியில் இறங்குவது தொழிலாளி. கருவி யார் கையில்?

ராசிபுரம் வட்டாரத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கு அரைத்த கழிவுநீர் தொட்டியில் தேங்கி அழுகுகிறது. மீத்தேன் கிளம்புகிறது. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் கிளம்புகிறது. மலக்குழியிலும் இதே கதைதான். அதில் இறங்குகிறவர் முதலாளியல்ல. கூலிக்கு வந்த தொழிலாளி. அவர் விழுந்தால் தூக்கப் போகிற தோழரும் பிணமாகிறார்.

“நாற்றம் வந்தால் ஏறி வந்துவிடு” என்பார் மேஸ்திரி. இதை நம்பாதீர்கள். பத்து லட்சம் பங்கு காற்றில் இந்த வாயு 100 பங்கு சேர்ந்தாலே மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றால் ஆபத்து முற்றியிருக்கலாம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் போதாது. விளக்கு எரிவதால் விஷவாயு இல்லை என்று ஆகாது. மீத்தேன் இருந்தால் தொட்டியே வெடிக்கும்.

நான்கு வாயுக்களை ஒன்றாக அளக்கும் கையடக்கக் கருவி இன்று கிடைக்கிறது. பிராணவாயு, எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றை அது காட்டும். அதை எப்படி எடைபோடுவது? விலையை மட்டும் பார்த்தல்ல. குழாய் விட்டு மேலே, நடுவே, அடியிலே மூன்று மட்டத்திலும் காற்றை உறிஞ்ச வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. முதலில் பிராணவாயுவைப் பார்க்க வேண்டும். அது 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இறங்கக் கூடாது. அது மிகக் குறைந்த இடத்தில் எரியும் வாயுவை அளக்கும் சாதாரண உணரியும் பொய் சொல்லும். அளவு தெரிந்த வாயுவைக் காட்டித் தினமும் கருவியைச் சோதிக்க வேண்டும். சோதிக்காத கருவி அலங்காரப் பொருள்.

கருவி மட்டும் போதுமா? 1815-ல் இங்கிலாந்தில் டேவி பாதுகாப்பு விளக்கு வந்தது. ஆபத்தென்று ஒதுக்கிய சுரங்கங்களுக்கும் அந்த விளக்கைக் கொடுத்துத் தொழிலாளரை அனுப்பினார்கள் முதலாளிகள். சாவு ஓயவில்லை.

சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையேல் சுவாசக் கருவியும், வெளியே ஒருவர் பிடித்த கயிறும் வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-வது பிரிவு விதித்தது. பாதுகாப்பின்றி மலக்குழியில் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் நஷ்டஈடு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தொகையில் ஒரு சிறு பங்குதான் கருவியின் விலை!

தோழர்களே! மலக்குழி வேலையை இயந்திரமே செய்யட்டும். ஆலைத் தொட்டியில் இறங்கத்தான் வேண்டுமென்றால், கருவி காட்டும் எண்ணைத் தொழிலாளியின் கண்முன் எழுதச் சொல்லுங்கள். எண் சரியில்லையென்றால் இறங்க மறுங்கள். மறுத்தவருக்கு வேலை போகாமல் காப்பது சங்கத்தின் கடமை!