ஜிந்துப்பிட்டியில் ஒரு ‘அல்லது’

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எனக்கு ஒரு கோல் வந்தது. எடுத்தவர் ஜிந்துப்பிட்டியில் இருக்கிற ஒரு மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். எழுபது தாண்டியவர், ஏரியாவில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்.

“தம்பி, உங்கட சிஸ்டம் எங்கட சங்கத்தில இல்லாத ஆளையும் காட்டுது. அது சரிதானா?”

சரியில்லை. அது சரியில்லை என்று கேட்ட அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கே பிழை என்பதும் பாதி விளங்கிவிட்டது. ஏனென்றால் அந்த வரியை எழுதியது நான்தான், எழுதும்போது ஒரு கணம் கை நின்றதும் ஞாபகம் இருக்கிறது. பிறகு டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், வேலை செய்தது, விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். புதிதாகச் சேர ஒரு அம்மா வந்திருக்கிறார், மகனோடு. ஏற்கெனவே அங்கத்தவரா என்று பார்க்க மாஸ்டர் அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைத் தேடல் பெட்டியில் அடித்திருக்கிறார். ஒரு பதிவு வந்திருக்கிறது. நாலு சங்கங்களுக்குச் சேர்த்து ஒரே சிஸ்டத்தைத்தான் செய்து கொடுத்திருந்தோம். வந்தது கொட்டாஞ்சேனைப் பக்கம் உள்ள இன்னொரு சங்கத்தின் பதிவு. விலாசம், போன் நம்பர், கட்டாத சந்தா, எல்லாம் திரையில். மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாக வாசித்திருக்கிறார். கடைசி வரி, காசு யாருக்குப் போக வேண்டும் என்று அந்த அம்மா எழுதிக்கொடுத்த பெயர். பக்கத்தில் இருந்த மகனின் பெயர் அது இல்லை.

அந்த வீட்டில் அன்றிரவு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் வரவில்லை.

இனி பிழைக்கு வருவோம். லாரவெல் பாவிக்கிற ஆட்களுக்கு இது உடனே விளங்கும். மற்றவர்களும் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள், இதில் கணக்கு ஒன்றும் இல்லை, தமிழ் இலக்கணம் மாதிரித்தான்.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்க எஸ்கியூஎல் என்று ஒரு மொழி இருக்கிறது. அந்தக் கேள்வியை நாங்கள் நேரடியாக எழுதுவது குறைவு. பிரேம்வேர்க்கில் குவெரி பில்டர் என்று ஒன்று இருக்கும். ‘இந்த அட்டவணையை எடு’, ‘இந்த நிபந்தனையைச் சேர்’, ‘இன்னொன்றைச் சேர்’ என்று ஒவ்வொரு கண்ணியாகக் கோர்த்துக்கொண்டு போனால், கடைசியில் அது எஸ்கியூஎல் வாக்கியத்தைத் தானே எழுதிக்கொள்ளும். நிபந்தனை சேர்க்க ‘வெயார்’, அல்லது என்று சேர்க்க ‘ஓர்வெயார்’. பாவிக்கிறவர் பெயரை மட்டும் நிரப்பினால் பெயர் நிபந்தனை மட்டும் சேரும், வீதியையும் நிரப்பினால் அதுவும் சேரும். இதுக்குத்தான் பில்டர்.

என்னுடைய சங்கிலி இப்படி இருந்தது: சங்கம் இது, பெயரில் இந்தச் சொல் இருக்க வேண்டும், அல்லது ஐடி இலக்கம் இது, அல்லது ஐடி இலக்கம் அது.

ஐடிக்கு ஏன் ரெண்டு ‘அல்லது’? இது எங்கட நாட்டுக் கூத்து. பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். 2016 இலிருந்து வருவதில் 12 இலக்கம், எழுத்தே இல்லை. வீட்டில் அப்பாவிடம் பழையது, தங்கச்சியிடம் புதியது. அட்டையைத் தொலைத்துவிட்டுத் திரும்ப எடுத்தவரிடம் ரெண்டு இலக்கமும் இருக்கும், வங்கியில் ஒன்று, சங்கத்துப் புத்தகத்தில் மற்றது. மாற்றுவது லேசுதான்: முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்களுக்குப் பிறகு ஒரு 0 நுழைத்து, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். அந்த இலக்கத்துக்குள் பிறந்த வருஷமும், வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கிறது, பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். ஒருவரின் ஐடி இலக்கம் தெரிந்தால் பிறந்த நாளும் பாலும் தெரிந்த மாதிரி. இதை நாங்கள் ரீலோட் கடையில்கூட யோசிக்காமல் சொல்லிக்கொண்டு திரிகிறோம், அது வேற கதை.

ஆக, எந்த இலக்கத்தை அடித்தாலும் ஆள் வர வேண்டும் என்று ரெண்டு வடிவத்தையும் தேடவைத்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் எஸ்கியூஎல்லில் ‘மற்றும்’ என்பது ‘அல்லது’வை விட இறுக்கமாக ஒட்டும். கணக்கில் பெருக்கல் கூட்டலுக்கு முந்துகிற மாதிரி. என் கேள்வியை டேட்டாபேஸ் வாசித்தது இப்படி: ‘இந்தச் சங்கத்தில் இந்தப் பெயருள்ளவர், அல்லது எந்தச் சங்கமானாலும் இந்த ஐடி உள்ளவர்.’ சங்கம் என்ற வேலி முதல் துண்டைச் சுற்றி மட்டும் நின்றது. பெயரால் தேடினால் எல்லாம் சரியாக வரும். நான் டெஸ்ட் பண்ணியது பெயரால்தான்.

பேச்சில் இந்தச் சிக்கல் எங்களுக்கு வருவதில்லை. “எங்கட சங்கத்து ஆள், பேர் இது, இல்லாட்டி ஐடி இது” என்று மாஸ்டரிடம் சொன்னால் அவர் ஒருபோதும் வேற சங்கத்துப் புத்தகத்தைத் திறக்கமாட்டார். குரலில் வருகிற ஒரு இழுப்பே போதும். எழுத்தில் அந்த இழுப்புக்குப் பதில் அடைப்புக்குறி போட வேண்டும். பில்டரில் அந்த அடைப்புக்குறி கண்ணுக்குத் தெரியாது! மூன்று நிபந்தனையையும் தனியே ஒரு செயற்கூறுக்குள் வைத்து வெயாருக்குக் கொடுத்தால்தான் அது அடைப்புக்குறி போடும். சும்மா கண்ணி கண்ணியாகக் கோர்த்தால், மேலிருந்து கீழே பார்க்க அழகாக, வரிசையாக, பிழையே இல்லாத மாதிரி இருக்கும். இதைக் கவனிக்கச் சொல்லி லாரவெலின் ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. வாசித்திருக்கிறேன். வாசித்தது எழுதும்போது வரவில்லை.

பில்டரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அது வருவதற்கு முன்னர் நடந்ததை இப்பவும் பழைய பிஎச்பி கோடுகளில் பார்க்கலாம். பாவிக்கிறவர் அடித்ததை அப்படியே எடுத்து, எஸ்கியூஎல் வாக்கியத்தின் நடுவில் ஒட்டுவார்கள். கொட்டாஞ்சேனையில் இது எத்தனை நாளைக்குத் தாங்கும்? டி’சில்வா, டி’அல்மேதா என்று ஒரு குடும்பம் வந்து பெயர் பதிந்தால், ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வருகிற அந்த ஒற்றைக் குறி வாக்கியத்தை உடைத்துவிடும். தற்செயலாக உடைவதை ஒருவர் வேண்டுமென்றே உடைத்தால் அதுதான் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன். 1998 இல் பிராக் என்ற ஹேக்கர் சஞ்சிகையில் ஜெஃப் ஃபோரிஸ்டல் இதை எழுதினார். கால் நூற்றாண்டு தாண்டியும் சாகாத வியாதி. பில்டர் இதற்கு நல்ல மருந்து: வாக்கியத்தை முதலில் வெற்றிடங்களோடு அனுப்பும், பாவிக்கிறவர் அடித்ததைத் தனியே அனுப்பும். டி’சில்வா டி’சில்வாவாகவே போய்ச் சேருவார்.

என் கோபம் எங்களுக்குச் சொல்லித்தருகிற விதத்தில். “பிரேம்வேர்க் பார்த்துக்கொள்ளும் மச்சான், எஸ்கியூஎல் எல்லாம் இப்ப யாரும் எழுதுறதில்ல.” நான் முதல் வேலைக்குப் போன இடத்திலும் இதைத்தான் சொன்னார்கள். ஆறு வாரத்தில் ஒரு ஆப் செய்யலாம் என்கிற வகுப்புகளிலும் இதே பாட்டு. பிரேம்வேர்க் பார்த்துக்கொள்வது மேற்கோள் குறியை. நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதை அது பார்க்காது, பார்க்கவும் முடியாது. பிழையான கேள்வியையும் அது மிகவும் பாதுகாப்பாக அனுப்பிவைக்கும்.

மேற்கோள் குறிக்கு வெளியேயும் ஓட்டைகள் இருக்கின்றன. எந்த நிரலால் வரிசைப்படுத்துவது என்பதை யுஆர்எல்லில் இருந்து எடுத்து அப்படியே பில்டரிடம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நிரலின் பெயரை வெற்றிடமாக அனுப்ப முடியாது, அது வாக்கியத்துக்குள்ளேயே எழுதப்படும், அதனால் அனுமதித்த பெயர்களின் பட்டியல் ஒன்றை நீங்களே வைத்திருக்க வேண்டும். பிறகு ‘வென்’ என்று ஒரு வசதி: மதிப்பு இருந்தால் மட்டும் நிபந்தனையைச் சேர்க்கும். பிஎச்பிக்கு 0 என்பதும் ‘இல்லை’தான். பாக்கி 0 உள்ளவர்களைக் காட்டு என்றால் நிபந்தனையே விழுந்துபோய் எல்லாரும் வந்து நிற்பார்கள். தேடலில் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அதே சங்கிலியின் நுனியில் ‘அழி’ இருந்தால்?

இதைச் சரியாக யோசித்த ஒரு வேலை கொழும்பில் தொடங்கியது என்பது எங்கட வயதுக்காரருக்குப் பெரிதாகத் தெரியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சுற்றியிருந்த தன்னார்வலர்கள் சில வாரங்களில் சஹானா என்ற சிஸ்டத்தைக் கட்டினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல் போனவர்கள், முகாம்கள், உதவி நிறுவனங்கள், என்ன தேவை, யாரிடம் இருக்கிறது, எல்லாம் அதில். முதல் வடிவம் பிஎச்பி. அடுத்த வருஷம் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பாவிக்கப்பட்டது, 2006 க்கான ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் விருதும் கிடைத்தது. பிறகு பைதனில், வெப்டூபை என்ற பிரேம்வேர்க்கில் திரும்ப எழுதினார்கள், 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் அந்தப் பைதன் வடிவம் வேலை செய்தது. இப்போது அதன் பெயர் சஹானா ஈடன்.

வெப்டூபையில் ஒரு நிபந்தனை என்பது கையில் எடுத்து வைக்கக்கூடிய ஒரு பொருள். ரெண்டை எடுத்து ‘மற்றும்’ என்று சேர்த்தால் மூன்றாவது ஒன்று வரும். ஒவ்வொன்றையும் அடைப்புக்குள் எழுதாவிட்டால் பைதனே குழம்பிப்போகும், அதனால் கை தானாக அடைப்புக்குறிக்குப் போகும். அதைவிட எனக்குப் பிடித்தது, ஈடனில் அனுமதி என்பதே ஒரு நிபந்தனை. இந்த ஆள் இந்த அட்டவணையில் எவற்றை வாசிக்கலாம் என்று கேட்டால், ஆம் இல்லை என்று பதில் வராது. ஒரு குவெரித் துண்டு வரும். நீங்கள் என்ன தேடினாலும், எத்தனை ‘அல்லது’ போட்டாலும், அந்தத் துண்டு வெளியிலிருந்து முழுவதையும் சுற்றி ‘மற்றும்’ என்று சேரும். வேலி தோட்டத்துக்குச் சொந்தம், ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியாகக் கட்டத் தேவையில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பெயர் எந்த முகாமில் இருக்கிறது என்ற விபரம் யார் கையில் போகிறது என்பது சுனாமி நேரத்தில் சின்ன விஷயமா?

நான் என் சங்கிலியில் சங்கத்தையும் பெயரையும் ஐடியையும் ஒரே தட்டில் வைத்திருந்தேன், ஏதோ மூன்றும் ஒரே வகை என்கிற மாதிரி. பெயரும் ஐடியும் தேடுகிறவரின் கேள்வி. சங்கம் அப்படியில்லை, அது அவருக்கு என்ன கேட்க உரிமை இருக்கிறது என்பது. இந்த ரெண்டையும் ஒரே இடத்தில் எழுதவே கூடாது என்பதுதான் இப்போது என் கட்சி. ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வைத்துச் சேர்க்க வேண்டிய வேலி, ஒரு நாள் கட்டாயம் விடுபடும்.

இவ்வளவு கத்துவதற்கு நாலு சின்னச் சங்கமா என்று ஒரு நண்பன் கேட்டான். சின்னச் சங்கம்தான். ஆனால் கொழும்பில் தமிழ் ஆட்களின் பெயரும் விலாசமும் ஒரே இடத்தில் இருக்கிற பட்டியல் அது. 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள் என்று எத்தனையோ பேர் பதிவு செய்திருக்கிறார்கள். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியது, அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. எங்கட வீட்டிலும் பொலிஸ் பதிவுத் துண்டு ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வருஷக்கணக்காகக் கிடந்தது. இப்போது 2022 இன் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்த அம்மாவின் விபரத்தை மகன் முன்னால் வாசிக்க வைத்தது என் கோட். சட்டம் அந்த மேசைக்கு வருவதற்கு எவ்வளவோ நேரம் எடுக்கும்.

அன்றிரவே திருத்தினேன். வேலை என்று பார்த்தால் பத்து நிமிஷம். பிறகு ஒரு டெஸ்ட் எழுதினேன்: ரெண்டு சங்கம், ரெண்டாவதில் மட்டும் ஒரு ஆள், முதலாவதின் செயலாளராக உள்ளே போய் அந்த ஆளின் பெயரால் தேடு, பழைய ஐடியால் தேடு, புதிய ஐடியால் தேடு. மூன்று முறையும் ஒன்றும் வரக் கூடாது. இருப்பது வருகிறதா என்று மட்டும் பார்க்கிற டெஸ்ட் எங்களிடம் நிறைய இருந்தது. வரக்கூடாதது வராமல் இருக்கிறதா என்று பார்க்கிற ஒன்றுகூட இருக்கவில்லை. அதோடு, பில்டர் எழுதுகிற எஸ்கியூஎல்லை வெளியே எடுத்து வாய்விட்டு வாசிக்கிற பழக்கமும் வந்திருக்கிறது. ஒரு கட்டளை போட்டால் அது காட்டும். வாசித்தால் இழுப்பு எங்கே விழ வேண்டும் என்று காதுக்குத் தெரியும்.

மற்ற மூன்று சங்கங்களுக்கும் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். ரெண்டு பேர் டீ தந்தார்கள், ஒருவர் புத்தகத்துக்கே திரும்பப் போகிறோம் என்றார், போனார். மாஸ்டர் இன்னும் சிஸ்டத்தைத்தான் பாவிக்கிறார், ஆனால் திரையை இப்போது சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். அந்த அம்மா பிறகு சங்கத்துக்கு வரவில்லை.